மரத்தில் அத்தையைக் காணோம்!

கொங்கு நாட்டுக் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிப் பெரியவர் உங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு ஆரம்பம்.

"தம்பிக்கு எந்தூருங்க?"

"ஆர்.எஸ்.புரமுங்க."

"அது குடியிருக்கறதுங்க. சொந்த ஊரு?"

"காங்கயம் பக்கமுங்க."

"என்ன கூட்டமுங்க? அப்பாரு பேரு?"

சொல்கிறீர்கள். "அம்மாவுக்கு எந்தூரு?" அதையும் சொல்கிறீர்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொள்கிறார். ஐந்தே விநாடி.

"அட, அப்ப நீங்க எனக்கு மச்சான் முறையாகுதுங்க!" என்று உங்கள் தொடையில் ஓங்கி ஓர் அடி.

தொடை வலிக்கட்டும். அந்த ஐந்து விநாடியில் நடந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். சில நூறு பெயர்களைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, உங்கள் பக்கமிருந்து ஒரு வழி, தன் பக்கமிருந்து ஒரு வழி என்று தேடிப் போய், இரண்டும் சந்திக்கிற ஆளைக் கண்டுபிடித்து, முறையையும் சொல்லிவிட்டார். இதைத்தான் கோவை இன்ஜினீயரிங் காலேஜ்களில் 'டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்' என்று ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துகிறார்கள். இன்டர்வியூவில் 'ட்ரீ', 'க்ராஃப்' என்று கேள்வி வந்தால் பையன்களுக்கு நாக்கு வறண்டுவிடுகிறது. பெரியவருக்கு வறளவில்லை. பாயசம் வேறு குடித்திருந்தார்.

நான் பி.காம். எனக்கு இந்த விஷயம் கல்லூரியில் வரவில்லை. வீட்டில் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மரம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

எங்கள் ஆர்.எஸ்.புரத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. கௌலி பிரவுன் ரோட்டில் காட்டைப் பற்றிப் படிக்கவென்றே ஒரு வளாகம். 1902-ல் ஆரம்பித்த காஸ் வன அருங்காட்சியகமும் அதற்குள்தான். ஆனால், கம்ப்யூட்டர்காரர்களின் மரம் அங்கே கிடைக்காது. அது தலைகீழ் மரம். வேர் உச்சியில் இருக்கும், கிளைகள் கீழே தொங்கும், இலைகள் அடியில். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பது ஒன்றுதான் சௌகரியம். கணக்கில் இதற்கு 'மரம்' என்று பெயர் வைத்தவர் ஆர்தர் கெய்லி என்ற இங்கிலாந்துக்காரர், 1857-ல். அவர் வக்கீல் தொழிலும் பார்த்தவர். சொத்துத் தகராறில் வம்சாவளி நிறையப் பார்த்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

டாலி தெரிந்தவர்களுக்கு மரம் ஏற்கெனவே தெரியும். புது லெட்ஜர் திறக்கும்போது 'அண்டர்' என்று ஒரு கட்டம் கேட்கிறதல்லவா? ஒரு கஸ்டமரை 'சன்ட்ரி டெப்டர்ஸ்' என்பதன் கீழே போடுகிறோம். அது 'கரன்ட் அசெட்ஸ்' என்பதன் கீழே. டாலி தானே தருகிற 28 குரூப்புகளில் 15 மேல்தட்டு. 13 அவற்றுக்குக் கீழ்ப்பட்டவை. முக்கியமான விதி ஒன்றே ஒன்று. எந்த லெட்ஜருக்கும் ஒரே ஓர் 'அண்டர்'தான். இரண்டு இடத்தில் தொங்க முடியாது.

அந்த ஒரு விதியால்தான் மரத்தில் வேலை சுலபம். கரன்ட் அசெட்ஸ் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், அது தனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கும். அவர்கள் தங்களுக்குக் கீழே கேட்பார்கள். கடைசி இலை தன் தொகையைச் சொல்லும். அது கூட்டிக்கொண்டே மேலே வரும். ஆபீசில் மேனேஜர் சூப்பர்வைசரைக் கேட்க, சூப்பர்வைசர் கிளார்க்கைக் கேட்க, கடைசியில் அட்டெண்டர்தான் பதில் சொல்வார் இல்லையா? அதே கதை. இதற்கு ரிகர்ஷன் என்று பெயர் வைத்து நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

மரத்தைச் சோதிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. நூறு பேர் ஒரே மரத்தில் இருந்தால் இணைக்கும் கோடுகள் சரியாக 99 இருக்கும். ஒரு கோடு கூடிவிட்டால் எங்கோ ஒரு சுற்று விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அது மரமில்லை.

*

எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போட வேண்டும், அதில் குடும்ப வம்சாவளியும் வர வேண்டும் என்று பெரியப்பா ஒரு பழுப்பு நோட்டைக் கொண்டுவந்து டேபிள் மேல் வைத்தார். ஏழு தலைமுறை. அவருடைய அப்பாரு எழுத ஆரம்பித்து, அவர் அப்பா தொடர்ந்து, இப்போது பெரியப்பாவின் கையெழுத்து. சித்தப்பா பையன் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறான். "இது ப்யூர் ட்ரீங்கண்ணா. ஒரு நாயித்துக்கெழமை போதும்" என்றான்.

போதுமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ரெக்கார்டு. அதில் பெயர், அப்பா யார், பிள்ளைகள் யார் யார். மூலவர் உச்சியில், நாங்கள் அடியில், நடுவில் பட்டை பட்டையாகக் கிளைகள். ஒரு கோடுகூட இன்னொரு கோட்டை வெட்டவில்லை. திரையில் பார்த்தபோது அப்படி ஓர் அழகு. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து காபி டம்ளருடன் அத்தை வந்தார். பெரியப்பாவின் தங்கை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, இதுல என்ர பேரைக் காணமே?"

"உன்ர பேரு உங்க மாமனார் வூட்டு நோட்டுல இருக்கும் புள்ளெ."

"அங்கயும் இல்லீங்ண்ணா. அவிய நோட்டுல மகன் பேரு மட்டுந்தான் எழுதுவாங்க."

பெரியப்பா பேசவில்லை. அத்தையே கேட்டார். "அப்ப நா எந்த நோட்டுல இருக்கறன்?"

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழு தலைமுறை நோட்டில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அது அத்தனை அழகான மரமாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். ஒரு பிள்ளைக்கு அப்பா ஒருவர்தான் மேலே என்று வைத்தால் அது மரம். அம்மாவையும் எழுதினால் மேலே இரண்டு பேர் ஆகிவிடும். டாலி விதி அந்த நிமிடமே காலி!

*

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. பெண்களையெல்லாம் சேர்க்கிறேன் என்று உட்கார்ந்தான். அத்தையும் பெரியப்பாவும் சொல்லச் சொல்ல அம்மாக்கள், மகள்கள், மருமகள்கள், மாப்பிள்ளைகள் என்று ஏற்றினான். ப்ரோக்ராம் தள்ளாட ஆரம்பித்தது.

முதல் தகராறு, எண்ணிக்கையில். அத்தையின் மகனுக்குப் பெரியப்பாவின் மகளைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் சகஜம். அவர்களுக்கு ஒரு பையன். அவன் அப்பாருவின் கிளையில் பெரியப்பா வழியாகவும் தொங்குகிறான், அத்தை வழியாகவும் தொங்குகிறான். ப்ரோக்ராம் இரண்டு வழியிலும் இறங்கி, அந்த ஒரு பையனை இரண்டு பையனாக எண்ணிவிட்டது. கோயில் வரியைத் தலைக்கட்டுக் கணக்கில் வசூலிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது தகராறு இன்னும் மோசம். 'இவருக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் காட்டு' என்று கேட்டான். அத்தையிலிருந்து மகன், மகனிலிருந்து மருமகள், மருமகளிலிருந்து பெரியப்பா, பெரியப்பாவிலிருந்து தங்கச்சி. தங்கச்சி யார்? அதே அத்தை! திரும்பவும் மகன், மருமகள், பெரியப்பா, அத்தை... உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்க மறந்தவன் மாதிரி அந்த ப்ரோக்ராம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் லேப்டாப் சூடாகிச் செத்தது.

பங்காளிகள் மட்டும் என்றால் மரம். மாமன் மச்சான் வந்துவிட்டால் வலை. அந்த வலைக்குத்தான் கம்ப்யூட்டரில் க்ராஃப் என்று பெயர். புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான். யாருக்கு எத்தனை கோடு, எங்கே சுற்று என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ரத்தினசபாபதி முதலியார் பெயர் தாங்கிய எங்கள் பேட்டையே ஒரு க்ராஃப்தான். டி.பி.ரோடு, டி.வி.சாமி ரோடு, சம்பந்தம் ரோடு என்று எதில் நுழைந்தாலும் எதையோ வெட்டி எங்கேயோ போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வரலாம். இப்படி ஒரு நடைப்பயணத்தில்தான் இந்தக் கணக்கே பிறந்தது. கோனிக்ஸ்பர்க் என்ற ஊரில் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து ஊரைச் சுற்ற முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று ஆய்லர் 1736-ல் எழுதி வைத்தார். நடக்காமலே, உட்கார்ந்த இடத்தில்.

*

சரி, இந்த வலையைக் கம்ப்யூட்டரில் எப்படி எழுதுவது?

இரண்டு முறை உண்டு. ஒன்று, பெரிய கட்டப் பலகை. இடப் பக்கம் எல்லோர் பெயரும், மேலேயும் எல்லோர் பெயரும். இன்னாருக்கும் இன்னாருக்கும் நேரடி உறவு என்றால் அந்தக் கட்டத்தில் 1, இல்லையென்றால் 0. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 400 பேர் இருந்தால் 1,60,000 கட்டங்கள். ஒருவருக்கு நேரடி உறவு என்று அப்பா, அம்மா, புருஷன் அல்லது பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எட்டுப் பத்துப் பேர்தானே? மற்றதெல்லாம் வெறும் பூஜ்யம். காலி மண்டபத்துக்கு வாடகை கட்டுகிற மாதிரி.

இன்னொரு முறை, மொய் நோட்டு! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று அதில் இருக்கும். ஊரில் இருக்கிற மற்ற ஆயிரம் பேர் 'வைக்கவில்லை' என்று யாராவது எழுதுவார்களா? சம்பந்தப்பட்டவர்கள் பெயர் மட்டும்தான். ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் நேரடி உறவுகளின் பட்டியல் என்று வைத்துக்கொண்டால் அதுதான் 'அட்ஜசென்ஸி லிஸ்ட்'. மொய் நோட்டில் இன்னும் இரண்டு சூட்சுமம் உண்டு. யாரிடமிருந்து யாருக்கு என்று திசை இருக்கிறது. எவ்வளவு என்று எடையும் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இவற்றுக்குத் தனித்தனி அத்தியாயம்.

சுற்றிச் சுற்றி வருகிற வியாதிக்கு மருந்தும் கல்யாண வீட்டில்தான் இருக்கிறது. பத்திரிகை வைக்கப் போகும்போது லிஸ்டில் 'டிக்' அடிக்கிறோமே, எதற்கு? ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போய் அசடு வழியாமல் இருக்க. ப்ரோக்ராமிலும் அதே டிக். ஓர் ஆளிடம் போனதும் குறித்துக்கொள். மறுபடி அவரே வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடு. இந்த ஒரு டிக்கில் இரட்டைப் பையன் ஒருவனானான், லேப்டாப்பும் பிழைத்தது.

எந்த வரிசையில் போவது என்பதிலும் இரண்டு கட்சி. முதலில் நெருங்கிய சொந்தம் அத்தனை பேருக்கும் வைத்துவிட்டு, அப்புறம் அவர்களுடைய சொந்தம், அப்புறம் அதற்கு அடுத்த வளையம் என்று போவது ஒன்று. இதற்கு வேண்டியது க்யூ. முதலில் வந்தவருக்கு முதல் கவனிப்பு. பொள்ளாச்சி பக்கம் கிளம்பினால் அந்த வழியில் கடைசி வீடு வரை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்பது இன்னொன்று. இதற்கு வேண்டியது ஸ்டாக். கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கிற தட்டு அடுக்கு. இரண்டிலும் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் 'இவர் நமக்கு எத்தனை கை தாண்டிச் சொந்தம்' என்று தெரிய வேண்டுமானால் முதல் வழிதான் சரி. வளைய வளையமாகப் போவதால், முதல் தடவை ஆளைத் தொடும்போதே அதுதான் குறைந்த தூரம். மண்டபத்துப் பெரியவர் இரண்டு பக்கமிருந்தும் தேடிப் போனது அந்த வழியைத்தான்.

இன்னொரு சங்கதி. ஒரே கூட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கல் கிடையாது, எல்லோரும் பங்காளி என்பது கொங்கு வழக்கம். காடை, ஆந்தை, செம்பன், தூரன் என்று பெரியவர்கள் கேட்பதெல்லாம் 'உன் வேர் எது?' என்ற கேள்விதான். இரண்டு பேர் வேரும் ஒன்றானால் ஜாதகத்தைப் பிரிக்கவே வேண்டாம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மரம் போதும். அதனால்தான் பழைய நோட்டு மரமாக இருந்தது. அதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை.

*

தம்பி கடைசியில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி எழுதினான். இந்த முறை ரெக்கார்டுக்குள் ஆளை எழுதவில்லை. ஆளின் நம்பரை எழுதினான். அத்தைக்கு ஒரே ஒரு ரெக்கார்டு, ஒரே ஒரு நம்பர். மகளாக வரும் இடத்திலும், மனைவியாக வரும் இடத்திலும், அம்மாவாக, மாமியாராக வரும் இடத்திலும் அதே நம்பர். காமர்ஸ்காரர்களுக்கு இது புதிதில்லை. ஜர்னலில் 'எல்.எஃப்.' என்று ஒல்லியாக ஒரு கட்டம் இருக்குமே? முழுக் கணக்கையும் அங்கே காப்பியடிக்க மாட்டோம். லெட்ஜர் பக்க எண்ணை மட்டும் போடுவோம். அதைத்தான் பாயின்டர் என்று சொல்லி நம் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள்.

கல்யாணத்துக்கும் தனி ரெக்கார்டு போட்டான். புருஷன் நம்பர், பெண்டாட்டி நம்பர், பிள்ளைகள் நம்பர். இது அவன் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மார்மன் சபையார் குடும்ப வரலாறு சேகரிப்பதில் கில்லாடிகள். அவர்கள் 1984-ல் வெளியிட்ட 'ஜெட்காம்' என்ற முறையில் ஆளுக்கு ஒரு பதிவு, குடும்பத்துக்கு ஒரு பதிவு என்று இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சுற்றை மட்டும் தம்பி தடை செய்தான். யாராவது தனக்குத் தானே தாத்தாவாக வந்தால் ப்ரோக்ராம் கத்தும். சினிமாக் கதை என்றால் விதிவிலக்கு தரலாம்.

"இத்தனை பாடு எதுக்குடா? மலர்ல போட நாலு பேரு பாப்பாங்க, அவ்வளவுதான?" என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார்.

எதற்கா? ஹீமோபிலியா என்று ஒரு ரத்த நோய். அடிபட்டால் ரத்தம் உறைவது கஷ்டம். பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்கும். ஆனால் வீடு விட்டு வீடு போவது பெண்கள் வழியாக. விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டுக்கு இருந்தது. மகள்கள் ஆலிஸ், பியாட்ரிஸ் இருவரும் வெளியே தெரியாமல் சுமந்து போனார்கள். ஆலிஸின் பேத்தி இல்லை, பேரன்... இருங்கள், நம் முறையிலேயே சொல்கிறேன். ஆலிஸ் மகள் வயிற்றுப் பேரன், ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னருடைய மகன் அலெக்ஸி. அவனுக்கு வந்தது. பியாட்ரிஸ் வழியில் ஸ்பெயின் அரண்மனைக்குப் போனது. இப்போது எங்கள் பெரியப்பா நோட்டு மாதிரி ஆண்களை மட்டும் எழுதிய ஒரு வம்சாவளியில் இதைத் தேடுங்கள். ஒன்றுமே தெரியாது. நோய் போன வழி பூராவும் அழிக்கப்பட்ட பெயர்கள்!

சொந்தத்தில் கல்யாணம் என்றால் டாக்டர்கள் தோண்டித் தோண்டிக் கேட்பதும் இதனால்தான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நாலில் ஒரு பெண்ணுக்கு மேல் சொந்தத்தில்தான் கல்யாணமானவர்கள். ஸ்யூவல் ரைட் என்ற அமெரிக்கர் 1922-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் ஒரே மூதாதையைத் தொடுகிற சுற்றுகளை எண்ண வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் பிறக்கிற குழந்தைக்கு ஒரே மூதாதையின் ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனே கட்டினால் எட்டில் ஒன்று. சுற்றை எண்ண வேண்டுமானால் முதலில் சுற்று நோட்டில் இருக்க வேண்டும். மரத்தில் சுற்று கிடையாது.

இதையெல்லாம் தம்பி பொறுமையாகச் சொன்னான். பெரியப்பா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அத்தையைப் பார்த்து, "நம்ம ஆத்தாளுக்கு ஆத்தா பேரு உனக்கு நாபகம் இருக்குதா புள்ளெ?" என்றார்.

அத்தைக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு மட்டும்தான் இருந்தது.

மலரில் வம்சாவளி வந்தது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஜிலேபி பிழிந்த மாதிரி. முன்பு போல அழகில்லை என்று இரண்டு பங்காளிகள் குறைப்பட்டார்கள். கல்யாணத்தில் 'ஆல் போல் தழைத்து' என்று வாழ்த்துகிறோமே, அந்த ஆலமரத்தைக் கொஞ்சம் பாருங்கள். கிளையிலிருந்து விழுது இறங்கி, மண்ணைத் தொட்டு, அதுவே இன்னொரு அடிமரமாகி, ஒரு கிளைக்கு இரண்டு பக்கமும் தாங்கல். கம்ப்யூட்டர் இலக்கணப்படி அது மரமே இல்லை, சுத்தமான க்ராஃப். வாழ்த்தியவர்கள் விவரமானவர்கள்தான். நோட்டு எழுதியவர்கள்தான் விழுதை வெட்டிவிட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு வெள்ளைத் தாள் போதும். உங்கள் அப்பாவுக்கு அப்பாவுக்கு அப்பா பெயரை எழுதுங்கள். இனிஷியலைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம், சுலபம். அடுத்து, உங்கள் அம்மாவுக்கு அம்மாவுக்கு அம்மா பெயர்.

பேனா நின்றுவிட்டதா? வீட்டில் ஓர் அத்தையோ பெரியம்மாவோ அமுச்சியோ இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். நாளைக்கு, நாளன்னிக்கு என்று தள்ளிப்போடாமல் உடனே கேளுங்கள். அந்த ரெக்கார்டுகளுக்கெல்லாம் வேறெங்கும் காப்பி கிடையாது.